எழுத்து மாறிகளை வகை மாறிகளாக மாற்றுதல்: கேள்வி பதில்

கேள்வி: என் ஆய்வுத் தரவில் கல்வி என்னும் மாறி ‘தொடக்கம்’, ‘நடுநிலை’, ‘உயர்நிலை’, ‘மேல்நிலை’ என எழுத்தாகவே உள்ளது. ஸ்டேட்டா என்னும் புள்ளியியல் மென்பொருளில், எழுத்து மதிப்புகளுக்கு எண் கொடுத்து வகை மாறியாக்கும் என்கோட் கட்டளையால் மாற்றிவிட்டேன். அப்படியே பயன்படுத்தலாமா, ஐயா?

பதில்: வேண்டாம் அம்மா. படிப்பின் படிநிலை அந்தக் கட்டளைக்குத் தெரியாது. மதிப்புகளை எழுத்து வரிசையில் அடுக்கி 1 முதல் எண் கொடுப்பதால், உங்கள் தரவில் உயர்நிலை 1, தொடக்கம் 2, நடுநிலை 3, மேல்நிலை 4 என்று ஆகியிருக்கும். இந்த எண்களை ஏறுவரிசையாகக் கருதிச் செய்யும் எந்தக் கணக்கும் தவறாகும். லேபிள் டிஃபைன் கட்டளையால் தொடக்கம் 1, நடுநிலை 2 என்று நீங்களே பட்டியல் வகுத்து, என்கோட் கொடுக்கும்போது லேபிள் என்ற விருப்பத்தில் அதன் பெயரைக் குறிப்பிடுங்கள். நோஎக்ஸ்டெண்ட் என்பதையும் சேர்த்தால், பட்டியலில் இல்லாத சொல் வந்தால் ஸ்டேட்டா மாற்றாமல் நின்றுவிடும். அப்படி நிற்பது நமக்கு நல்லதே.

கேள்வி: இரண்டு ஊர்களின் கோப்புகளைத் தனித்தனியாக என்கோட் செய்து பின்னர் இணைத்தேன். எண்கள் பொருந்தவில்லை.

பதில்: ஒரு கோப்பில் ஒரு வகை இல்லாமல் போனாலே அதற்குப் பின் வரும் எண்களெல்லாம் நகர்ந்துவிடும். எழுத்தாக இருக்கும்போதே இணைத்துவிட்டு, ஒரே முறை மாற்றுங்கள்.

கேள்வி: ‘தொடக்கம்’ அட்டவணையில் இரண்டு வரிகளாக வருகிறது. இடைவெளிகளை நீக்கியும் தீரவில்லை.

பதில்: தமிழ்த் தரவில் இது அடிக்கடி நேர்வது, பலர் இதைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் அலைகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறியீடு தரும் பொதுத்தரமான யூனிகோடில் ‘தொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள். ஸ்டேட்டாவில் யுஎஸ்டிஆர்நார்மலைஸ் (ustrnormalize), புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் ஸ்ட்ரிங்ஐ (stringi) தொகுப்பின் என்எஃப்சி செயற்கூறு ஆகியவை எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். வகையாக மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

கேள்வி: ஆர் மொழியில் வயது ஃபேக்டராக, அதாவது வகை மாறியாக, வந்துவிட்டது. எண்ணாக்க ஆஸ்.நியூமெரிக் கொடுத்தால் 45, 23, 61 என்பவை 2, 1, 3 ஆகின்றன.

பதில்: உங்களுக்குக் கிடைத்தவை வயதுகள் அல்ல, வகைகளின் வரிசை எண்கள். முதலில் ஆஸ்.கேரக்டர் கொடுத்து எழுத்தாக்கி, அதன்பின் எண்ணாக்குங்கள். ஸ்டேட்டாவில் எழுத்தாகக் கிடக்கும் வயதை என்கோட் செய்தாலும் இதே பிழைதான் வரும்; அங்கே எழுத்தாக உள்ள எண்ணை எண்ணாகவே மாற்றும் டீஸ்ட்ரிங் என்பதே உரிய கட்டளை. பிழைச்செய்தி எதுவும் வராமல் சராசரி மட்டும் பொய்யாகிவிடுவதால், மாற்றியவுடன் மிகச்சிறிய, மிகப்பெரிய மதிப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய ஆர் நிரலில் லெவல்ஸ், அதாவது வகைகளின் பட்டியல், கேட்டால் இப்போது வெற்றாக வருகிறது. ஏன்?

பதில்: 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து, கோப்பைப் படிக்கும்போது எழுத்து தானாக ஃபேக்டர் ஆவதில்லை. ஃபேக்டர் செயற்கூற்றை நீங்களே அழைத்து, லெவல்ஸ் வரிசையையும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: விடையளிக்காதவர்களின் கட்டம் காலியாக உள்ளது. அது என்னவாகும்?

பதில்: ஸ்டேட்டாவின் என்கோட் அதை விடுபட்ட மதிப்பாகக் கொள்ளும். ஆர் மொழியிலோ வெற்று எழுத்தும் ஒரு வகையாகிவிடும். அகரவரிசையில் முதலில் நிற்பதால் தொடர்புப்போக்கு (regression) ஆய்வில் அதுவே, மற்ற வகைகளை ஒப்பிடும் அடிப்படை வகையாகவும் அமைந்துவிடும். எனவே கோப்பைப் படிக்கும்போதே வெற்று எழுத்தை என்ஏ, அதாவது விடுபட்ட மதிப்பு, எனக் கொள்ளும்படி குறிப்பிடுங்கள்.