பொத்தான் எல்லாம் அத்துப்படி, அப்புறம்?

கேள்வி: எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. பயிற்சிக்குப் போய் எல்லாப் பொத்தானையும் கற்றுக்கொண்டேன். வீடியோ போட்டால் பிள்ளைகள் ஆவலாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் தேர்வில் அதே பழைய தப்புகள். இன்னும் என்ன பயிற்சி எடுக்கலாம்?
- ஓர் அறிவியல் ஆசிரியை

பதில்: பயிற்சி இருக்கட்டும், டீச்சர். அந்தப் பழைய தப்புகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். பருவகாலப் பாடத்துக்கு ஓர் அனிமேஷன் போட்டேன். சூரியனை முட்டை வடிவப் பாதையில் பூமி சுற்றிவரும். பார்க்க அத்தனை அழகு. மறுநாள் கேட்டால், "கோடையில பூமி சூரியனுக்குப் பக்கத்துல வருது சார்" என்றது பாதி வகுப்பு. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. சாய்ந்த கோணத்தில் வரைந்த படம், ஏறக்குறைய வட்டமான பாதையை முட்டையாக்கிவிட்டது. உண்மையில் கிட்டே வரும்போது சுமார் 14.7 கோடி கி.மீ., எட்டப் போகும்போது 15.2 கோடி, அவ்வளவுதான் வித்தியாசம். கிட்டே வருவதும் ஜனவரியில், வடகோளம் குளிரில் நடுங்கும்போது! பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பது. பாடம் எனக்குத் தெரியும், கணினியும் தெரியும். அந்தப் படம் எந்தத் தப்பை விதைக்கும் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

அடுத்த வருடமும் அதே படம்தான். பூமி ஜனவரியில் இருக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினேன், இரண்டு தூரத்தையும் சாக்பீஸால் எழுதினேன், "வடக்கே இப்ப என்ன காலம்?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்ப தூரம் காரணம் இல்லையா சார்?"

பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே இடறும் என்று தெரிவது வேறு என்று 1986-இல் எழுதினார் அமெரிக்கக் கல்வி அறிஞர் லீ ஷுல்மன். 2006-இல் மிஷ்ரா, கோலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தொழில்நுட்பத்தையும் அதோடு சேர்த்தார்கள். பாடம், அதைக் கற்பிக்கும் விதம், தொழில்நுட்பம் மூன்றும் கலந்த அந்த அறிவை இப்போது 'டிபேக்' (TPACK) என்கிறார்கள். பெயர் மறந்தாலும் பாதகமில்லை.

உங்கள் தாளில், 'பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும்' என்ற தப்பு நிச்சயம் இருக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' (PhET) இணையதளத்தில், மின்சுற்றைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் சிமுலேஷன் இலவசமாகவே கிடைக்கிறது. பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஒன்று வையுங்கள். ஓட்டுவதற்கு முன்பே, எதில் எவ்வளவு காட்டும் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத பிள்ளை, "எனக்கு அப்பவே தெரியும்" என்று தப்பித்துவிடும். இரண்டும் ஒரே அளவைக் காட்டும்போது முகங்களைப் பாருங்கள், திரையை அல்ல.

கேள்வி: எல்லா வகுப்புக்கும் ஸ்லைடு கட்டாயம் என்கிறார் எங்கள் தலைமையாசிரியர். விதை முளைப்பதற்குமா?

பதில்: ஈரப் பஞ்சில் நாலு விதையைப் போட்டு ஜன்னலோரம் வையுங்கள். தினம் ஒரே இடத்தில் நின்று ஒரு பிள்ளை போட்டோ எடுக்கட்டும். பத்தாம் நாள் அதையெல்லாம் வரிசையாக ஓட்டிக் காட்டினால் தலைமையாசிரியருக்கும் ஸ்லைடு கிடைத்த மாதிரி ஆயிற்று.