இடித்தாலும் விழாத பெண்ணுக்கு விசில் ஏன் இல்லை?

கேள்வி: என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளி பாஸ்கெட்பால் டீமில் அவள்தான் உயரம், அதிகம் ஸ்கோர் செய்பவளும் அவள்தான். ஒவ்வொரு மேட்ச்சிலும் இரண்டு பேர் மேலே விழுந்து இடிக்கிறார்கள். நடுவர் விசிலே ஊதுவதில்லை. ஸ்டார் ஆட்டக்காரர்களுக்கு நடுவர்கள் சலுகை தருவார்கள் என்பார்களே, இவளுக்கு மட்டும் ஏன் நேர்மாறாக நடக்கிறது?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: தோளிலும் முழங்கையிலும் கன்றிப்போன இடங்களை வீட்டில் பார்ப்பவர் நீங்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான், அம்மா.

ஸ்டார்களுக்குச் சலுகை என்பது பாதி உண்மை. பந்தோடு அடிக்கடி கூடையை நோக்கிப் பாய்கிறவருக்கு ஃபவுலும் அதிகம் கிடைக்கத்தான் செய்யும். சிலர் அதைத் தந்திரமாகவே வாங்குவார்கள். அமெரிக்க ஆட்டக்காரர் ஜேம்ஸ் ஹார்டன் அதில் பேர்போனவர். தடுப்பவர் மேல் தானே சாய்ந்து விசில் வாங்கும் அந்த வித்தையை, 2021-22 சீசனில் அமெரிக்காவின் தொழில்முறை பாஸ்கெட்பால் லீகான என்பிஏ கட்டுப்படுத்தியது.

உடல்பலம் உள்ள ஸ்டார்களின் கதை வேறு. என்பிஏவின் பழைய ஸ்டார் ஷகீல் ஓ'நீல் ஏழடிக்கு மேல் உயரம், 140 கிலோவுக்கு மேல் எடை. கையில் தொங்கினாலும் அசையமாட்டார். அதனால் மற்றவர் விழுந்திருக்கக்கூடிய அடியெல்லாம் அவர் மேல் அடியாகவே தெரியாது. 2023 ஜனவரியில் பாஸ்டனில் ஸ்கோர் சமமாக இருந்த கடைசி நொடிகளில் இன்னொரு பலசாலி ஸ்டாரான லெப்ரான் ஜேம்ஸின் கையில் அடி விழுந்தது, விசில் இல்லை. அவருடைய லேக்கர்ஸ் அணி ஓவர்டைமில் தோற்றது. தவறவிட்டோம் என்று நடுவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். அங்கே மூன்று நடுவர்கள். நம் பள்ளி மேட்ச்சில் பெரும்பாலும் இரண்டு பேர்தான். கூட்டத்துக்கு நடுவே மணிக்கட்டில் விழும் அடி, பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது பந்து தடுமாறியதா, உடல் நகர்ந்ததா என்பதைத்தான். உங்கள் மகள் நகர்வதில்லை. வேண்டுமென்றே செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அவளுக்கு நடப்பது அநியாயம்தான்.

அதற்காக விழுந்து நடிக்கச் சொல்லிவிடாதீர்கள். அது டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை வரை போகும். அடி பட்டாலும் ஷாட்டை முடிக்கட்டும். பந்தைப் பாதியில் விட்டுவிட்டு நடுவரைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். சந்தேகம் இருந்தால், கடிகாரம் நிற்கும்போது கேப்டன் மரியாதையாகக் கேட்கலாம். "சார், பேஸ்லைன் பக்கம் கையைப் பிடிக்கிறாங்க, கொஞ்சம் பாருங்க" என்றால் போதும். கேலரியிலிருந்து நீங்கள் கத்துவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அப்புறம், ஃப்ரீ த்ரோ. ஃபவுலுக்காக, யாரும் தடுக்காமல் நின்று போடும் ஷாட் அது. ஷகீல் என்பிஏவில் ஆடிய காலம் முழுக்க அதில் கூடைக்குள் போட்டது 52.7 சதவீதம்தான். அதனால்தான் எதிரணிகள் அவரைத் தைரியமாக, வேண்டுமென்றே ஃபவுல் செய்தன. ஒரு குவார்ட்டரில் ஒரு டீம் மொத்தம் நான்கு ஃபவுல் செய்துவிட்டால், அடுத்த ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் கூடைக்குள் போகிறது என்று தெரிந்தால், அவளை இடிக்கச் சொல்லும் கோச்சே வேண்டாம் என்பார். தினமும் பயிற்சி முடிந்து களைத்திருக்கும்போது, வீட்டுக்குக் கிளம்பும் முன் அவள் அதைப் போட்டுப் பழகட்டும்.