புரொபேட் கைக்கு வந்தாச்சு, அப்புறம்?

கேள்வி: அப்பா காலமாகி 14 மாதங்கள் ஆகின்றன. உயிலில் என்னைத்தான் எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுபவராக எழுதியிருந்தார். ஐந்து மாதங்களுக்கு முன் புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) கிடைத்தது, வேலை முடிந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது தம்பி, தனக்கு எழுதிய 10 லட்சத்தை உடனே கொடு என்கிறான். அக்கா, முதலில் கணக்கைக் காட்டு என்கிறார். நடுவில் அப்பாவின் நண்பர் 3 லட்சத்துக்குப் புரோநோட்டோடு (அப்பா எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் கடன் பத்திரத்தோடு) வந்து நிற்கிறார். நான் எதை முதலில் செய்வது? எல்லாம் முடிந்ததென்று கோர்ட்டில் தனியாக ஆர்டர் வாங்க வேண்டுமா?

பதில்: உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 317-ன்படி, புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துகள், வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் எல்லாவற்றையும் பட்டியலிட்டு அதே கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். நேரம் போதாதென்றால் அவகாசம் கேட்கலாம், கேட்காமல் சும்மா இருந்துவிடாதீர்கள். தனியாக முடிப்பு ஆர்டர் வாங்கும் கட்டாயம் இல்லை. இந்தக் கணக்கும், பணமும் சொத்தும் பெற்றவர்களின் ரசீதுகளும்தான் உங்கள் பொறுப்பு தீர்ந்ததற்கு ஆதாரம். அக்கா கணக்குக் கேட்பதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவருடைய உரிமை. கோர்ட்டுக்குக் கொடுப்பதில் ஒரு நகல் அவருக்கும் கொடுத்துவிட்டால் பாதி மனக்கசப்பு அங்கேயே கரைந்துவிடும்.

சரி, பணம். இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இறுதிச் சடங்குச் செலவும் கடைசி நாட்களின் வைத்தியச் செலவும் முதலில், அடுத்து புரொபேட் வாங்கிய செலவு, அதன் பிறகு அவரிடம் கடைசி மூன்று மாதத்தில் வேலை செய்தவர்களின் சம்பள பாக்கி, பிறகு மற்ற கடன்கள். இவ்வளவும் தீர்ந்த பிறகுதான் உயிலில் எழுதியவர்களுக்குப் பங்கு. அதனால் தம்பிக்கு முன்னால் அந்த நண்பர்தான். அதற்காகக் காகிதத்தைப் பார்த்ததும் கொடுத்துவிடாதீர்கள், கையெழுத்து அப்பாவுடையதா, தேதி என்ன, காலாவதி ஆகிவிட்டதா என்று உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இன்னும் யாராவது வருவார்களோ என்ற பயம் இருந்தால், அப்பாவிடமிருந்து கடன் வரவேண்டியவர்கள் தெரிவிக்கும்படி முறைப்படி அறிவிப்பு கொடுங்கள். அதில் சொன்ன கெடு முடிந்து, உங்களுக்குத் தெரிந்த கடன்களைத் தீர்த்துவிட்டுப் பங்கு பிரித்தால், பின்னால் வருகிறவர் உங்களைப் பிடிக்க முடியாது, பங்கு வாங்கியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தம்பி அவசரப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இறந்து ஒரு வருடம் வரை பங்கைக் கொடுக்கும்படி எக்ஸிகியூட்டரை வற்புறுத்த முடியாது, ஆனால் அந்த ஒரு வருடம் உங்களுக்கு முடிந்துவிட்டது. உயிலில் கெடு எதுவும் எழுதாமல் வெறும் தொகையாக விட்டிருந்தால் அதற்கு வட்டியும் ஓடத் தொடங்கியிருக்கும். கடனுக்கும் வரிக்கும் தேவையானதை ஒதுக்கிவிட்டு மீதியில் ஒரு பகுதியை இப்போதே கொடுக்கலாம், கையெழுத்துப் போட்ட ரசீதோடு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கோர்ட் உத்தரவில்லாமல் நீங்களாகக் கொடுத்துவிட்டால், பின்னால் பணம் பற்றாக்குறை என்று நீங்கள் திருப்பிக் கேட்க முடியாது.

வருமான வரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அப்பா இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு அவர் பெயரில் ஒரு வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகு டெபாசிட் வட்டி, வாடகை என்று வருவதெல்லாம், சொத்து முழுவதும் பிரித்துக் கொடுக்கும் வரை, எக்ஸிகியூட்டர் என்ற முறையில் உங்கள் பொறுப்பில் தனியாக வரும். அதை உங்கள் சொந்த வருமானத்தோடு கலக்காதீர்கள். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு இருந்தால் கோர்ட்டுக்கும் அக்காவுக்கும் ஒரே காகிதத்தில் எல்லாவற்றையும் காட்டலாம்.

வீடு, நிலம் யாருக்கோ அவர் பெயருக்குப் பட்டாவும் வரி ரசீதும் மாறிய பிறகு, கடைசியாக அந்த வங்கிக் கணக்கை மூடுங்கள்.