எட்டாம் நாட்ச்: டீசல் லோகோ கேள்வி – பதில்

(ஒரு சொல் முன்கூட்டியே: வண்டியை இழுக்கும் முழு ஊர்தியை ‘லோகோ’ என்றும், அதன் வயிற்றுக்குள் ஓடும் டீசல் இயந்திரத்தை மட்டும் ‘எஞ்சின்’ என்றும் இங்கே எழுதுகிறோம். ‘நாட்ச்’ என்பது எஞ்சினின் வேகத்தையும் திறனையும் ஏற்றும் கைப்பிடியின் படி, எட்டாவதுதான் உச்சம். பேச்சில் லோகோ, எஞ்சின் இரண்டுமே எஞ்சின்தான். இந்தப் பக்கத்தில் அப்படி எழுதினால் பாதிப் பதில்கள் புரியாது.)

கேள்வி: ‘நவீன டீசல் லோகோ’ என்று ரசிகர்கள் சொல்வது எந்த ஆண்டிலிருந்து? எஸ்டி40-2 அதில் சேருமா?

சேராது. ஆனால் அதைத் தொடாமல் பேச்சைத் தொடங்கவும் முடியாது. 1972-ல் அமெரிக்காவின் இஎம்டி நிறுவனம் கொண்டுவந்த 3,000 குதிரைத்திறன் எஸ்டி40-2, கிட்டத்தட்ட 4,000 எண்ணிக்கையில் கட்டப்பட்டது. பின்னால் வந்தவை எல்லாவற்றையும் ரசிகர்கள் இதோடு வைத்துத்தான் அளக்கிறார்கள்.

எங்கள் கோடு 1993. அந்த ஆண்டில்தான் இஎம்டியின் எஸ்டி70மேக், அதன் போட்டி நிறுவனமான ஜிஇயின் (ஜெனரல் எலக்ட்ரிக்) ஏசி4400சிடபிள்யூ இரண்டும் வந்தன. இரண்டிலும் அச்சுகளைச் சுழற்றுபவை மூன்று கட்ட ஏசி மோட்டார்கள். பழைய டிசி மோட்டாரில், சுழலும் பகுதிக்கு மின்சாரத்தை உரசிக் கடத்தும் கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்களும் உண்டு. கனமான வண்டியை ஏற்றத்தில் ஊர்ந்தபடி இழுக்கும்போது மோட்டார் வழியே பெரும் மின்னோட்டம் பாயும். வேகம் குறைவு, சூடு அதிகம். இத்தனை ஆம்பியருக்கு இத்தனை நிமிடம் என்ற வரம்பைத் தாண்டினால் சுருள் கருகும், அல்லது பிரஷ் பக்கம் தீப்பொறி பாய்ந்து மோட்டார் படுத்துவிடும். ஏசி மோட்டாரில் பிரஷ்ஷே கிடையாது. ஏறக்குறைய நின்ற நிலையிலும் முழு இழுவையைத் தாங்கும்.

இன்னொரு ஆதாயம் தண்டவாளப் பிடிப்பு. சக்கரம் வழுக்கத் தொடங்கினால், ஏசி மோட்டாருக்கான மின்சாரத்தை ஆக்கித் தரும் இன்வெர்ட்டர் என்ற கருவியின் மின்சார அதிர்வெண்ணே அதன் வேகத்துக்குக் கடிவாளம் போட்டுவிடும். பர்லிங்டன் நார்தர்ன் ரயில்வேயின் நிலக்கரி வண்டிகளில் ஐந்து எஸ்டி40-2 செய்த வேலையை மூன்று எஸ்டி70மேக் செய்தன. கூட்டிப் பாருங்கள்: 15,000 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 12,000. திறன் குறைந்தும் இழுவை குறையவில்லை. காகிதத்தில் குதிரைத்திறனை மட்டும் ஒப்பிட்டு நடக்கும் சண்டைகள் வீண் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை.

கேள்வி: வளைவுக்கு அப்பால் வரும் லோகோ இஎம்டியா ஜிஇயா என்று காதாலேயே சொல்லிவிடுகிறார்கள். எப்படி?

எஞ்சினில் விநாடிக்கு எத்தனை தடவை எரிபொருள் வெடிக்கிறது என்பதில்தான் விஷயம். இஎம்டியின் 710 வகை எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக் (ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 710 கன அங்குலம், அதனால் அந்தப் பெயர்). ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். 16 சிலிண்டர், நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் விநாடிக்கு 240 வெடிப்பு. இஎஸ்44ஏசி-யில் இருக்கும் ஜிஇயின் கெவோ எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக், 12 சிலிண்டர், 1,050 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு. கணக்குப் போட்டால் விநாடிக்கு 105. முன்னது ஒரே இழையாக நீளும் ரீங்காரம். பின்னது எண்ணிவிடலாம் போலத் தோன்றும் ‘தட் தட்’. நின்றிருக்கும்போது வேறுபாடு இன்னும் துலக்கம்.

இரண்டாவது அடையாளம், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் விசில். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினால் தானாகக் காற்றை உறிஞ்ச முடியாது. யாராவது ஊதித் தள்ள வேண்டும். அதனால் இஎம்டி டர்போவைப் பல்சக்கரங்கள் வழியே கிராங்க் தண்டோடு இணைத்திருக்கிறார்கள். குறைந்த நாட்ச்களில் எஞ்சினே அதைச் சுற்றும். மேல் நாட்ச்களில் புகைப்போக்கு வாயுவின் வேகம் போதுமானதும் ஒருவழிக் கிளட்ச் விடுபட்டு, டர்போ தன்பாட்டில் ஓடும். அப்போது எழும் கூரிய ஊளைக்காகவே எஸ்டி70மேக் பக்கம் சாய்ந்த ரசிகர்கள் ஏராளம்.

ஒரு வேடிக்கை. கமின்ஸ் கியூஎஸ்கே95 எஞ்சின் பொருத்திய சீமென்ஸ் சார்ஜர் பயணிகள் லோகோவும் முழுத் திறனில் விநாடிக்கு 240 வெடிப்புதான்: 16 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 1,800 சுற்று. ஆனாலும் யாரும் அதை இஎம்டி என்று ஏமாறமாட்டார்கள். 710-ல் ஒரு சிலிண்டர் 11.6 லிட்டர், கமின்ஸில் 6 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. எண்ணிக்கை ஒன்றே, ஒவ்வொரு அடியின் கனம் பாதி.

கேள்வி: கண்ணால் பார்த்து ஜிஇ லோகோக்களுக்குள் வேறுபாடு காண்பது எப்படி? எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன.

முதலில் கூரையைப் பாருங்கள். மேலே வட்ட விசிறிகள் வரிசையாகத் தெரிந்தால் இஎம்டி. ஜிஇயில் ஒரே பெரிய விசிறி ரேடியேட்டருக்கு அடியில் ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது பின்பக்கம் இருபுறமும் சிறகு விரித்ததுபோல் நீண்ட ரேடியேட்டர் மட்டும்.

ஜிஇ என்று உறுதியானபின், ஓட்டுநர் அமரும் வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கம் வாருங்கள். கேபினுக்குப் பின்னால் நடைமேடை மேல் பெரிய பெட்டி இருந்தால் அது இன்வெர்ட்டர் அலமாரி, ஏசி4400சிடபிள்யூ. இல்லையென்றால் டிசி மோட்டார் கொண்ட டேஷ் 9. அடுத்து ரேடியேட்டர் சிறகின் தடிமன். மெலிந்து இருந்தால் இந்தப் பழைய இரண்டில் ஒன்று. தடித்துப் பிதுங்கினால் 2005 முதல் வரும் எவல்யூஷன் வரிசை (மேலே சொன்ன இஎஸ்44ஏசி இதில் ஒன்று). டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பகுதியும் அங்கேயே சேர்ந்ததால் அந்தப் பருமன். 2015-க்குப் பின் வந்த இடி44ஏசி-யில் அது இன்னும் உப்பியிருக்கும். தொழிலில் ஜிஇ என்ற பெயர் 2019-ல் வாப்டெக் நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. ரசிகர்கள் வாயில் அது இன்னும் ஜிஇதான்.

கேள்வி: கிளம்பும்போது சில லோகோக்கள் கரும்புகையைக் கக்குகின்றன. சில நெருப்பையே கக்குகின்றன. பழுதா?

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். ஜிஇ எஞ்சினின் டர்போ முழுக்க முழுக்கப் புகைவாயுவால் சுழல்வது. நாட்ச் ஏற்றியதும் எரிபொருள் உடனே வந்துவிடும். டர்போ வேகமெடுக்கச் சில விநாடி பிடிக்கும். அந்த இடைவெளிதான் புகை. எவல்யூஷன் வரிசையில் கணினி எரிபொருளைக் காற்றுக்கேற்ப நிதானமாகத் திறப்பதால் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. நிலையான வேகத்தில் ஓடும்போதும் கரும்புகை நிற்காவிட்டால் காற்று வடிகட்டி அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு, டர்போ தேய்மானம் என்ற வரிசையில் சந்தேகப்படலாம். நீலப்புகை எரியும் மசகு எண்ணெய். வெண்புகை எரியாத டீசல், அல்லது சிலிண்டருக்குள் கசியும் குளிர்நீர்.

நெருப்பு வேறு கதை. மணிக்கணக்காக ஐடிலில் (எதையும் இழுக்காமல் சும்மா ஓடியபடி) நிற்கும் எஞ்சின் போதிய சூடு ஏறாது. பிஸ்டன் வளையங்கள் சரியாக அழுந்தாது. எண்ணெய் மெல்லக் கசிந்து புகைக்குழாயில் தேங்கும். டர்போவின் சீல் வழியாகவும் சேரும். பிறகு ஒரேயடியாக எட்டாம் நாட்சுக்குத் தூக்கினால் தேங்கியது பற்றிக்கொண்டு கூரைக்கு மேல் எரியும், பக்கத்துப் புல்லிலும் பொறி விழும். நீண்ட ஐடிலுக்குப் பின் நாட்ச்களைப் படிப்படியாக ஏற்றிக் குழாயைச் சூடாக்கி எண்ணெயைச் சிறிது சிறிதாக எரித்துவிடுவதே சரியான முறை. புகைப்படக்காரர்களுக்கு மட்டும் அதில் வருத்தம்.

கேள்வி: 6,000 குதிரைத்திறன் லோகோக்கள் ஏன் நிலைக்கவில்லை?

1990-களின் நடுவில் இரு நிறுவனங்களும் போட்டி போட்டன. ஜிஇ, டாய்ட்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த 7எச்டிஎல் எஞ்சினோடு ஏசி6000சிடபிள்யூ. இஎம்டி, 265எச் என்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு எஸ்டி90மேக்-எச். இரண்டு எஞ்சினும் பக்குவப்படும் முன்பே தண்டவாளத்துக்கு வந்தன. அதிர்வும் அடிக்கடிப் பழுதும் தீரவில்லை. எஸ்டி90 வரிசையில் பெரும்பாலானவை கடைசியில் பழைய 710 எஞ்சினோடு 4,300 குதிரைத்திறனிலேயே ஓடின.

எஞ்சின் நன்றாக இருந்திருந்தாலும் ரயில்வேக் கணக்கு இடித்திருக்கும். இரண்டு 6,000 லோகோ பூட்டிய வண்டியில் ஒன்று படுத்தால் பாதித் திறன் போச்சு. மூன்று 4,400-ல் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்குதான். தவிர, மெதுவாக ஏற்றம் ஏறும் சரக்கு வண்டிக்குத் தேவை பிடிப்பு. அது எடையிலிருந்தும் அச்சுகளின் எண்ணிக்கையிலிருந்தும் வருவது. குதிரைத்திறனைக் கூட்டிப் பயனில்லை.

ஆனாலும் இந்தத் தோற்றுப்போன ஜாதிக்கு ஒரு கிரீடம் உண்டு. 2001 ஜூன் 21 அன்று ஆஸ்திரேலியாவில் பிஎச்பி நிறுவனம் 682 இரும்புத்தாது வேகன்களை, 7.353 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோத்து ஓட்டியது. எடை ஏறக்குறைய 99,700 டன். இழுத்தவை எட்டு ஏசி6000சிடபிள்யூ, வண்டி நெடுகப் பிரித்து வைக்கப்பட்டவை, ஓட்டுநர் ஒருவர்.

கேள்வி: பிரிட்டன் ரசிகர்களுக்கு 66-ஆம் வகுப்பு லோகோ மேல் ஏன் அத்தனை வெறுப்பு?

லோகோவின் குற்றம் குறைவு. சரக்கு ரயில் நிறுவனமான இடபிள்யூஎஸ் 1996-ல் ஒரே ஆர்டரில் 250 கேட்டது, 1998 முதல் அவை வந்திறங்கின, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ஆளுக்கொரு குரலோடு ஓடிக்கொண்டிருந்த 37, 47, 56 வகுப்புகளை இது மூலையில் தள்ளியது. கூரை அமைப்பைப் பார்த்து ‘ஷெட்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கேபினில் சூடும் இரைச்சலும் அதிகம் என்ற ஓட்டுநர்களின் புகார் நியாயமானது. ஆனால் உள்ளே இருப்பது அதே 710 எஞ்சின், 12 சிலிண்டரில். கனமான கல் வண்டியோடு ஏற்றத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். புதியவற்றில் அங்கே அன்பு 68-ஆம் வகுப்புக்குத்தான்: கேட்டர்பில்லர் சி175 எஞ்சின், 3,800 குதிரைத்திறன், மணிக்கு 160 கிலோமீட்டர்.

கேள்வி: இந்திய ரயில்வேயின் சரக்கு லோகோ டபிள்யூடிஜி-4, பயணிகள் லோகோ டபிள்யூடிபி-4 இரண்டும் எஸ்டி70மேக்குக்கு உறவா?

நெருங்கிய உறவு. 1999-ல் வந்த டபிள்யூடிஜி-4-க்கு இஎம்டி வைத்த பெயர் ஜிடி46மேக். அதே 16 சிலிண்டர் 710 எஞ்சின், 4,000 குதிரைத்திறன், ஒரு போகிக்கு ஒரு இன்வெர்ட்டர் என்ற அதே ஏற்பாடு. (போகி என்று நாம் ரயில் பெட்டியையே சொல்கிறோம், இங்கே அது லோகோவுக்கு அடியில் மூன்று அச்சுகளைத் தாங்கும் சட்டம்.) இந்த ஏற்பாட்டின் பலவீனம்: ஒரு இன்வெர்ட்டர் போனால் மூன்று மோட்டாரும் போகும். ஒரே போகியின் சக்கர விட்டங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மோட்டாரும் பளுவைச் சமமாகப் பகிராது. ஜிஇ அச்சுக்கு ஒரு இன்வெர்ட்டர் வைப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

டபிள்யூடிபி-4-ல் ஆறு அச்சில் நான்குக்கு மட்டுமே மோட்டார். எடை குறைந்தது, நீளமான வண்டியைக் கிளப்பும்போது வழுக்கலும் வந்தது. அதற்கு மருந்தாக டபிள்யூடிபி-4பி-யில் ஆறு அச்சுக்கும் மோட்டார், 4,500 குதிரைத்திறன். நீள மூக்கு (எஞ்சின் இருக்கும் நீண்ட பக்கம்) முன்னால் வரும்படி ஓட்டினால் சிக்னல் மறைகிறது என்ற குறை டபிள்யூடிபி-4டி-யில் இரண்டாவது கேபின் வந்தபின் தீர்ந்தது. எங்கள் ஓட்டு இதற்கே.

கேள்வி: இஎம்டியின் பழைய பயணிகள் லோகோ எஃப்40பிஎச் நிலையத்தில் நின்றபடியே அலறியது ஏன்?

பெட்டிகளின் விளக்குக்கும் குளிரூட்டலுக்கும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் வேண்டும். அதைத் தரும் ஆல்டர்னேட்டர் முதன்மை எஞ்சினோடு பூட்டப்பட்டிருந்ததால், வண்டி நின்றாலும் எஞ்சின் 893 சுற்றில் ஓடியாக வேண்டும்.

கேள்வி: லோகோ ஒலியைப் பதிவு செய்தால் கரகரப்பாகவே வருகிறது. என்ன செய்யலாம்?

தானியங்கி ஒலி அளவை முதலில் அணையுங்கள். லோகோ நெருங்கும்போது கருவி தானே அளவைக் குறைத்து, கடந்ததும் ஏற்றுவதால் ஏற்றமும் இறக்கமும் தட்டையாகிவிடும். அளவைக் கையால் வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி விடுங்கள். ஹாரன் எஞ்சினைவிடப் பல மடங்கு உரக்க வரும். லெவல் கிராசிங் அருகே நின்றால் அதற்காகவே மேலும் 10 டெசிபல் குறையுங்கள். கேட்கும் கரகரப்பில் பெரும்பகுதி மைக்கில் மோதும் காற்று. நுரை உறை போதாது, ரோம உறை போடுங்கள். குறைந்த அதிர்வெண்ணை வெட்டும் பொத்தானைத் தொடவேண்டாம். 105 ஹெர்ட்ஸ் அடியும் அதற்குக் கீழான முழக்கமும்தான் நீங்கள் தேடி வந்தவை.

இடம்: ஏற்றம் முடிவதற்குச் சற்று முன், பாதையிலிருந்து 20 மீட்டராவது தள்ளி, ரயில்வே எல்லைக்கு வெளியே. சமதளத்தில் வேகமாகப் போகும் வண்டியில் சக்கர இரைச்சல் எஞ்சினை விழுங்கிவிடும். வண்டி கடந்தபின் இரண்டு நிமிடமாவது பதிவை நிறுத்தாதீர்கள். நீளமான வண்டிகளில் கடைசியிலும் ஒரு லோகோ தள்ளிக்கொண்டு வரலாம்.