ஏலகிரி ஆடியோ டூரில் வளைவு மாறிப் பேசினால்

வேலூரிலிருந்து ஏலகிரிக்கு நீங்களே பதிவு செய்த ஆடியோ டூரில் (இடம் வந்ததும் போன் ஆப் தானாகக் கதை சொல்லும் டூர்), 3-வது வளைவிலேயே 5-வது வளைவின் குரல் வருகிறது என்கிறீர்கள். போன் பழுதில்லை, குரல் ஒலிக்க வேண்டிய ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நீங்கள் வைத்த 150 மீட்டர் ஆரம்தான் வம்பு; வண்டி அதற்குள் வந்ததும் குரல் வந்துவிடும். கொண்டை ஊசியில் ரோடு மடிந்து ஏறுகிறது. ஆப் உயரத்தைப் பார்க்காது, வரைபடத் தூரத்தைத்தான் பார்க்கும். மேல் ரோடும் அதற்குப் பக்கம்தான்.

ஆரத்தை 30 மீட்டராகக் குறைத்துவிடுங்கள். அதற்கும் கீழே போனால் பாறையோரம் ஜிபிஎஸ் தடுமாறிப் புள்ளி தவறிவிடும். வரிசைப்படி மட்டும் ஒலிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். புள்ளியை வளைவின் மேலேயே வைக்காமல் முந்தைய நேர்ப்பாதையில் வையுங்கள். ஸ்டியரிங்கை ஒடிக்கிற நேரத்தில் யார் காதில் கதை ஏறும்? 20 கி.மீ. வேகத்தில்கூட 30 நொடிக்குள் வண்டி 165 மீட்டர் போய்விடும், 14 வளைவுக்கும் சுருக்கமாகவே பேசுங்கள்.

போனில் பேட்டரி சேமிப்பை அணைத்துவிட்டு, வாணியம்பாடி தாண்டுமுன் டூர் டவுன்லோடை முடித்துவிடுங்கள்.