மரம் நிறைந்த பள்ளிக்கு மாற்றினால் உயிரியல் வந்துவிடுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

வணக்கம். மாநகராட்சிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுக்க விரும்புகிறாள். பள்ளி வாசலில் கண்டெய்னர் லாரிகள், ஜன்னலைத் திறந்தால் தூசி, காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து வாடை. அதனால் அண்ணா நகரில் மரம் சூழ்ந்த தனியார் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். மரத்தடியில் ஞானம் வருவது போதி மரத்தோடு சரி. ஆய்வகத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

இரைச்சலும் வெக்கையும் படிப்பைக் கெடுக்காது என்று சொல்ல மாட்டேன். உயிரியல் புதுச் சொற்கள் நிறைந்த பாடம். ஆசிரியர் சொன்ன ஒரு பெயர் ஹாரன் சத்தத்தில் தவறிப்போனால் அடுத்து வரும் விளக்கமும் கைவிட்டுப் போகும். அறிவியல் பாடவேளைக்காவது சாலையை ஒட்டாத அறையை ஒதுக்கும்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம்.

ஆய்வக விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. வெங்காயத் தோலின் செல்லைத் தன் கண்ணால் நுண்ணோக்கியில் பார்த்த பிள்ளைக்கும் படத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் பிளஸ் டூவில் பளிச்சென்று தெரியும். நுண்ணோக்கி மேசையில் இருக்கிறதா, பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா? தலைமையாசிரியரிடம் கேட்பதைவிட மகளிடம் கேளுங்கள்.

உங்கள் பகுதியைக் குறையாகவே பார்க்கிறீர்கள். அண்ணா நகர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கிறது. காசிமேட்டில் மீன் வாங்கும்போது ஒரு பெரிய மீனைச் சுத்தம் செய்யாமல் கொண்டுவந்து மகளையே அறுக்கச் சொல்லுங்கள். செவுள் ஏன் அவ்வளவு சிவப்பாக இருக்கிறது என்று அவளே கேட்பாள். இரத்த நாளங்கள் அங்கே நெருக்கமாக ஓடுகின்றன, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் அங்கேதான் இரத்தத்தில் கலக்கிறது. மீனின் இதயத்தில் ஓர் ஆரிக்கிள், ஒரு வென்ட்ரிக்கிள்தான் என்பது அதன்பின் மறக்காது. எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி மரங்களின் சுவாச வேர்கள் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலெழுந்து நிற்கும். பாடப்புத்தகத்தில் அது ஒரு படம் மட்டுமே. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அதே கழிமுகத்தில் படர்ந்ததை உங்கள் மகள் அறிந்திருப்பாள். சூழலியல் பாடத்துக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். கரையில் நின்று பார்த்தால் போதும், சேற்றில் இறங்க விடாதீர்கள்.

பள்ளி மாற்றத்தில் நீங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்குப் போனால் அந்த உரிமை போய்விடும். 2021இல் வந்த சட்டத்தால் கால்நடை மருத்துவம், மீன்வளம், வேளாண்மை ஆகியவற்றிலும் இதே ஒதுக்கீடு உண்டு. நீட் பயிற்சி மைய விளம்பரங்கள் சொல்லாத வழிகள் இவை. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. இந்தக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் அல்ல, பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை.

பயணமும் சிறிய விஷயமில்லை. தினமும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் மரத்தடிப் பள்ளியிலும் அவள் தூங்கி வழிவாள்.

ஆய்வகம் உண்மையிலேயே பூட்டிக் கிடந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அருகிலுள்ள வேறோர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு. அங்கே தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, உயிரியல் குரூப்பில் இடம் உறுதியா என்று நேரில் கேட்டுவிட்டு, அதன்பிறகு மாற்றுச் சான்றிதழ் வாங்குங்கள்.