பார்வோன் கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று உங்கள் மகனைக் காட்டிச் சொன்னீர்களே, "தினமும் ஜெபத்தில் 'எங்கள் கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும்' என்று கேட்கிறேன், இவன் என்னடாவென்றால் லேத் பட்டறைக்குப் போகிறேன் என்கிறான்" என்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வேதாகமத்தில் 90-ஆம் சங்கீதத்தின் அந்தக் 'கிரியை' எபிரெயுவில் 'மஅசே'. 'செய்' என்கிற வினையில் பிறந்த சொல். செய்யும் வேலையும் மஅசே, செய்து முடித்த பொருளும் மஅசே. நமக்குக் கிரியை என்றதும் சடங்கு, நற்செயல் என்று மனசு போய்விடுகிறது. அங்கே அப்படியில்லை. 102-ஆம் சங்கீதத்தில் வானம் தேவனுடைய கைகளின் மஅசே. 115-இல் விக்கிரகங்கள் மனுஷர் கைகளின் மஅசே. நியாயாதிபதிகள் 19-இல் ஒரு கிழவர் பொழுது சாய வயலிலிருந்து திரும்புகிறார். அவர் பார்த்த வயல்வேலைக்கும் அதே சொல்தான்.

எனக்குப் பிடித்த இடம் ஆதியாகமம் 47. யோசேப்பின் சகோதரர்களைப் பார்த்து "உங்கள் தொழில் என்ன?" என்கிறான் எகிப்தின் அரசன் பார்வோன். அந்தத் 'தொழில்' மூலத்தில் மஅசே. இதைவிடப் பழைய இன்டர்வியூ எனக்குத் தெரிந்து இல்லை! மேய்ப்பர் என்றாலே எகிப்தியருக்கு அருவருப்பு என்று முந்தின அதிகாரம் சொல்கிறது. இருந்தும் அவர்கள் மறைக்கவில்லை. நாங்களும் எங்கள் பிதாக்களும் மந்தை மேய்க்கிறவர்கள் என்றார்கள். கோசேனில் குடியிருக்க இடம் கிடைத்தது. திறமைசாலிகள் இருந்தால் என் மந்தைகளையும் அவர்களிடம் ஒப்படை என்று யோசேப்பிடம் சொன்னான் அரசன்.

யூத குருமார்களின் போதனைத் தொகுப்பான தல்மூதில், மகனுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுப்பது தகப்பன் கடமைகளில் ஒன்று. கற்றுக்கொடுக்காதவன் கொள்ளையடிக்கக் கற்றுக்கொடுக்கிறான் என்று ரபி யெகூதா கொஞ்சம் காரமாகவே சொல்லியிருக்கிறார்.

சரி, நடப்புக்கு வருகிறேன். பையன் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருப்பதால் பாலிடெக்னிக் மெக்கானிக்கலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். 2 வருடத்தில் டிப்ளமோ. அப்புறம் பி.இ. ஆசை வந்தால் லேட்டரல் என்ட்ரியில் அங்கேயும் இரண்டாம் ஆண்டு. ஆக 5 வருடம், நேராக பி.இ. போவதைவிட ஒரு வருடம்தான் கூடுதல். நடுவில் வேலைக்குப் போனாலும் கையில் சான்றிதழ் இருக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க நிலத்தை அடகு வைப்பதாகச் சொன்னீர்கள். வேண்டாம் ஐயா. அவன் அதைக் கேட்கவே இல்லை.

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் அவனையும் கூட்டி வாருங்கள். நாம் பேசிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளை புஷ்ஷை, குழல் மாதிரியான சின்ன வளையத்தை, எடுத்து என் மேசையில் உருட்டிக்கொண்டிருந்தான். தானே கடைந்ததாம், உள்விளிம்பில் விரலை விட்டுப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை. மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.